கூட வந்தவர் சொல்லக்கூடாது

முதல் தடவை நான் பரீட்சையில் விழுந்தது ஒரு கணவனால். என்னுடைய கணவன் இல்லை. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றிக் கவலைப்பட எங்கள் ஊர் லிங்கநகரில் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். இவன் இங்கிலாந்தில், மழை விடாத ஒரு நகரத்தில், பரீட்சை மண்டபத்துச் சின்ன அறை ஒன்றில், வயிற்று வலியோடு இருந்த தன் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கணவனும் நடிகன், மனைவியும் நடிகை, வயிற்று வலியும் நடிப்பு. என்னுடைய பதற்றம் மட்டும் அசல்.

பிற நாடுகளில் மருத்துவம் படித்தவர்கள் அங்கே வேலை செய்ய வேண்டுமானால் இரண்டு பரீட்சைகள் எழுத வேண்டும். முதலாவது எழுத்துப் பரீட்சை; அதில் நான் தேறியிருந்தேன். இரண்டாவது செய்முறை. வரிசையாக அறைகள். ஒவ்வொன்றிலும் நோயாளியாக நடிக்கும் ஒருவர், மூலையில் பேசாமல் புள்ளி போடும் பரீட்சகர். அறைக்கு எட்டு நிமிடம். மணி அடித்தால் வாயில் இருக்கும் சொல்லை விழுங்கிவிட்டு அடுத்த அறைக்குப் போக வேண்டும். நோயைக் கண்டுபிடித்ததற்கு எவ்வளவு புள்ளியோ, நோயாளியோடு எப்படிக் கதைத்தோம் என்பதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு. நான் பனி கொட்டும் ஒரு நாட்டில் அந்த நாட்டு மொழியில் ஆறு வருடம் படித்தவள். அங்கே என் பேராசிரியர்கள் நோயாளியைப் பற்றித்தான் கதைப்பார்கள், அதுவும் அவருடைய தலைக்கு மேலாக.

அந்த அறைக்குள் நுழைந்து, மனைவிக்கு ஒழுங்காக வணக்கம் சொன்னேன். அதற்குப் பிறகு எட்டு நிமிடமும் கணவனோடு கதைத்தேன். எத்தனை நாளாக இவருக்கு வலி என்று கேட்டேன். அவன் மனைவியைப் பார்த்தான். பாவம், பயந்த சுபாவம் போல என்று நினைத்து அவனுக்குத் தைரியம் கொடுத்தேன். வாந்தி எடுத்தாரா, என்ன சாப்பிட்டார், கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது, எல்லாவற்றையும் அவனிடமே கேட்டேன். அவனுக்குக் கொடுக்கப்பட்ட தாளில் இரண்டு வரிகள்தான் இருந்திருக்க வேண்டும்; அவை முடிந்த பிறகு அவன் கூரையைப் பார்க்கத் தொடங்கினான். வலி கூடினால் உடனே இவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அவனிடமே சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்கு நான் மிகத் திறமாகச் செய்த அறை அதுதான் என்று விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

இதில் என் பிழை என்ன என்று எங்கள் ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள். திருகோணமலையில் வருத்தக்காரர் என்பவர், அதாவது நோயாளி, கதிரையில் இருப்பவர். வருத்தத்தைச் சொல்பவர் கூட வந்தவர். டொக்டர் கணவனைக் கேட்பார், மனைவி சொல்வார். தாயைக் கேட்பார், மகன் சொல்வான். கந்தளாயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து காத்திருந்த மனிதர் ஒருவர், தன் முறை வந்தபோது நாக்கை நீட்டியதைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்காததை நானே பார்த்திருக்கிறேன். அவருக்கு நெஞ்சுக்குள் எரிவதையும், இரவில் இரண்டு தரம் எழும்புவதையும், கருவாட்டை விடமாட்டேன் என்று அடம்பிடிப்பதையும் மனைவியே சொன்னார். மனிதர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக வருபவரைத்தான் இங்கே சந்தேகமாகப் பார்ப்பார்கள். கூட ஒருத்தரும் வரவில்லையா என்பதுதான் முதல் கேள்வி.

முடிவு வந்தபோது, நோயாளியை உரையாடலில் சேர்த்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தார்கள். வீட்டில் விசயத்தை விளக்கினேன். அம்மா கோபப்பட்டார், என் மேல் அல்ல.

"பின்ன ஆரோட கதைக்கிறது? அவள் வயித்துக்குத்தோட இருக்கிறாள். அவள் என்னத்தைச் சொல்லப்போறாள்?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்குச் சரியான கவலை என்று அம்மா சொன்னார்.

இங்கே என் பெற்றோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா தபால் கந்தோரில் முன்மேசையில் இருந்து ஓய்வு பெற்றவர். படிவம் நிரப்பத் தெரியாமல் வருபவர்களுக்கு அவரே நிரப்பிக் கொடுப்பார். ஆளின் முகத்தைப் பார்த்தால் போதும், என்ன அலுவலாக வந்திருக்கிறார் என்பதை அந்த ஆளுக்கு முன்னமே அம்மா சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திறமை முழுவதும் வீட்டுக்குக் கிடைத்தது. அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். பெரிய கப்பல்களை உள்ளே கொண்டுவந்து கட்டும் வேலை. அந்த இரைச்சலில் கதைத்தும் பயனில்லை. கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து, இறக்கினால் இழு. முப்பது வருடம் அப்படி இருந்தவர் வீட்டுக்கு வந்து திடீரென்று கதைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அவருக்குப் பசிக்கிறது, அவருக்குத் தலையிடிக்கிறது, எனக்குப் பார்த்த மாப்பிள்ளையை அவருக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் எங்களுக்கு அம்மா மூலமாகத்தான் தெரியும்.

அப்பாவின் கனவும் அப்படித் தெரிந்ததுதான். "இவருக்கு ஒரே ஆசை, பிள்ளை வெளிநாட்டில பெரிய டொக்டரா இருக்கோணும்" என்று அம்மா சொல்லாத உறவினர் இல்லை. நான் ஏழாம் வகுப்பில் விஞ்ஞானத்துக்கு நல்ல புள்ளி எடுத்த நாளிலிருந்து அது அப்பாவின் ஆசை. விமான நிலையத்தில் என்னை வழியனுப்பிய அன்றும் அம்மா அதைத்தான் சொன்னார். அப்பா என் பெட்டியின் கயிற்றை இன்னொரு தரம் இறுக்கிக் கட்டினார். கப்பலையே கட்டிய கை. அந்த முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை, அங்கே போய்க் கத்தரிக்கோலால் வெட்டினேன்.

எழுத்துப் பரீட்சையில் தேறியது குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும். செய்முறைக்கு எனக்கு இன்னும் ஒரு தடவைக்குத்தான் காலம் இருந்தது. அதிலும் விழுந்தால் எழுத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். முப்பது வயதுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மறுபடியும் முதல் பக்கத்தைத் திறக்க எனக்கு மனமும் இல்லை, பொறுமையும் இல்லை. ஆகவே தினமும் பின்னேரம் நாலரைக்கு எங்கள் வீட்டு விறாந்தையைப் பரீட்சை அறையாக மாற்றினேன். எதிரெதிராக இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். நடுவில் ஒரு முக்காலி. முக்காலியில் கடுதாசிக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று, நோயாளி அழுதால் நீட்டுவதற்கு. அதற்கும் புள்ளி உண்டு. எட்டு நிமிடத்துக்கு மணி அடிக்கும்படி கைத்தொலைபேசி. நோயாளி அப்பா. கூட வந்தவர் அம்மா.

முதல் நாள் அப்பாவுக்கு நெஞ்சுவலி. வலி எங்கே தொடங்கியது என்று கேட்டேன். இடது பக்கம் என்றார் அம்மா. கூட வந்தவர் சொல்லக்கூடாது, நான் கேட்கிற வரைக்கும் பொறுக்க வேண்டும் என்று விளக்கினேன். சரி என்றார். எப்போதிலிருந்து என்று அப்பாவைக் கேட்டேன். "கொம்மாவைக் கேள்" என்றார் அப்பா. அந்த வாரம் முழுவதும் அப்படியே போனது. வாயை மூடிக்கொண்டிருப்பது அம்மாவுக்கு உடல் உபாதையாகவே இருந்தது. இரண்டு நிமிடம் தாண்டினால் கதிரையில் நெளிவார், பிறகு குசினியில் ஏதோ கருகுவதாகச் சொல்லி எழும்பிப் போய், அங்கேயிருந்து பதில் சொல்வார். அப்பாவோ கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டால் நெஞ்சுவலியை மறந்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவார். கோதுமைக் கப்பல் வருகிறதாம்.

எங்கள் பரீட்சையில் நோயாளியிடம் கட்டாயம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் உண்டு. இது என்னவாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? இதில் உங்களுக்குக் குறிப்பாக என்ன கவலை? எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? இந்த மூன்றையும் கேட்காமல் வெளியே வந்தால், நோயாளி பிழைத்தாலும் நாங்கள் பிழைக்கமாட்டோம். பழக்கம் நாக்கில் ஊற வேண்டும் என்பதற்காக, அடுத்த வீட்டு மாமி தன் சீனி வருத்த அறிக்கையைக் காட்ட வந்தபோது அவரிடமும் கேட்டுப் பார்த்தேன். இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், மாமி? அவர் என்னை ஒரு தரம் பார்த்தார், அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார், வேலிக்கு அந்தப் பக்கம் போய் அம்மாவைக் கூப்பிட்டார். தனக்கு என்ன வருத்தம் என்று பிள்ளை தன்னையே கேட்பதாகவும், ஆறு வருடம் அங்கே அனுப்பியது வீண்போல இருப்பதாகவும், நல்ல மனதோடு எடுத்துச் சொன்னார். அம்மாவுக்கு இரண்டு நாள் முகம் சரியில்லை.

அதோடு அயலவரில் பரிசோதிப்பதை நிறுத்தினேன். மனச்சோர்வு வரும்போதெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு உட்துறைமுக வீதிப் பக்கம் ஓடிவிட்டு வருவேன். பள்ளிக்கூடக் காலத்துச் சைக்கிள் அது. ஆறு வருடம் கழித்து நான் வீட்டுக்கு வந்த அன்றே ஏறி ஓடக்கூடியதாக இருந்தது. சக்கரங்களில் காற்றுக்கூட இறங்கியிருக்கவில்லை. வெளிநாட்டுச் சாமான்தான் நல்லது என்று சொல்பவர்களுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

பயணத்துக்குப் பத்து நாள் இருந்தது. அன்றைக்கு அம்மா நிலாவெளியில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார். கூட வந்தவர் இல்லாததால் அப்பா தனியாக வந்த நோயாளி. வயது அறுபத்தைந்து, ஏணிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கவலை என்ன என்பதையும் தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன்: இவருடைய தகப்பன் இதே வயதில் இதே வருத்தத்தில் போனவர். அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அப்பா ஓரளவு தேறியிருந்தார். எத்தனை படி, எத்தனை நாள், கால் வீங்குகிறதா, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு சொல்லில் பதில் வந்தது. பிறகு நான் இரண்டாவது கேள்வியை, பரீட்சையில் கேட்பதுபோல, ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன கேக்கிறாய்?"

"உங்களுக்கு இதில என்ன கவலை எண்டு கேக்கிறன், அப்பா."

தமிழில் கேட்டபோது அது வேறு கேள்வியாக இருந்தது. நான் அதை அவரிடம் அதற்கு முன் கேட்டதில்லை. வேறு யாராவது கேட்டிருப்பார்களா என்பதும் சந்தேகம். அப்பா தாளைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேல் வைத்தார்.

"நீ பாஸ் பண்ணிப் போடுவாய் எண்டதுதான்."

அவர் இடம் மாறி வாசித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அப்பா, அது தாளில இல்லை."

"ஓம்" என்றார். "தாளில இல்லை."

இப்படியான நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் பாடமாகத் தெரியும். முன்னால் சாய வேண்டும். மூன்று விநாடி மௌனமாக இருக்க வேண்டும். அதைச் சொன்னதற்கு நன்றி கூற வேண்டும். அது உங்களுக்கு எவ்வளவு கடினமாக இருக்கும் என்று புரிகிறது என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் வயிற்று வலிக்காரிகளுக்கும் மூச்சு வாங்குகிறவர்களுக்கும் நூறு தரம் சொல்லிப் பழகியவை. அவற்றில் ஒன்றையும் செய்யாமல் கடுதாசிக் கைக்குட்டைப் பெட்டியை அப்பா பக்கமாகத் தள்ளினேன். அவர் ஒன்றை உருவி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மணி அடித்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பெட்டி கட்டத் தொடங்கிய பிறகா இதைச் சொல்வது? ஏழாம் வகுப்பில் சொல்லியிருக்கலாம். விமான நிலையத்தில், அந்தக் கயிற்றை இறுக்கும்போது சொல்லியிருக்கலாம். குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவும்போதுதான், அவர் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்பதற்கு எனக்கு வாயில்லை என்பது உறைத்தது. பதினைந்து வருடமாக நான் கூட வந்தவரையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அம்மா பலகாரப் பொதியோடு வந்தார். எப்படிப் போனது என்று கேட்டார். நல்லாப் போனது என்று அப்பா சொன்னார். அவர் தானாகவே பதில் சொன்னதில் அம்மாவுக்குப் பெரிய திருப்தி. என்னுடைய பயிற்சி வேலை செய்கிறது என்றார். பயணம் வரைக்கும் மிஞ்சிய நாட்களில் அப்பாவும் நானும் தாளில் இருந்ததை மட்டுமே கதைத்தோம். அவருக்குச் சிறுநீரகக் கல் வந்தது, காது கேட்காமல் போனது, ஒரு தரம் கர்ப்பமும் வந்தது. இரண்டாவது கேள்வி வரும்போதெல்லாம் தாளில் உள்ள கவலையை எழுத்துப் பிசகாமல் வாசித்தார். நானும் அதற்கு நன்றி சொன்னேன். இருவருமே மிகத் திறமாக நடித்தோம்.

ஒரு தடவை நினைத்தேன், வேண்டுமென்றே விழுந்துவிட்டால் என்ன என்று. விமானத்தில் அதை நன்றாக யோசித்தேன். அப்பாவின் கவலையை எட்டு நிமிடத்தில் தீர்க்கக்கூடிய சிகிச்சை அது ஒன்றுதான். ஆனால் எனக்கு அந்த வேலை வேண்டும். அம்மாவுக்காக அல்ல, அப்பாவின் பெயரில் அம்மா பார்த்த கனவுக்காகவும் அல்ல, எனக்கு வேண்டும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னையும் யாரும் கேட்டதில்லை.

இந்தத் தடவை பரீட்சையின் ஏழாவது அறையில் ஒரு கிழவரும் அவருடைய மகளும் இருந்தார்கள். நான் கதவைச் சாத்தும் முன்னமே மகள் தொடங்கிவிட்டாள். அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, அப்பாவுக்கு மாத்திரை பிடிக்கவில்லை, அப்பாவுக்கு இது வேண்டாம், அது வேண்டாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவளுக்கு நன்றி சொன்னேன். உங்களிடமும் பிறகு கேட்கிறேன், முதலில் இவரிடம் கேட்கவா என்று அனுமதி வாங்கினேன். பிறகு என் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிழவருக்கு முன்னால் உட்கார்ந்து, அவருக்கு என்ன கவலை என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். மூன்று விநாடி அல்ல, நீண்ட நேரம். பரீட்சகர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தது தெரிந்தது. கிழவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தன் தாளில் இருந்ததைச் சொன்னார். அவர் நல்ல நடிகர். ஆனால் அப்பா அளவுக்கு இல்லை.

நான் வீட்டுக்குத் திரும்பிச் சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு பின்னேரம், முடிவு கைத்தொலைபேசியில் வந்தது. தேறியிருந்தேன். அம்மா என்னைக் கட்டிப்பிடித்தார், சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றார், பிறகு தொலைபேசியை எடுத்தார். கொழும்பில் இருக்கும் சித்தியிலிருந்து தொடங்கினார். "இவருக்கு எண்டால் தலைகால் தெரியாத புளுகம்" என்று அவர் சொல்வது விறாந்தை வரைக்கும் கேட்டது.

தலைகால் தெரியாத சந்தோசத்தில் இருந்தவர் விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். நான் மற்றக் கதிரையை இழுத்து அவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார், வெறுமையாக இருந்த முக்காலியையும் பார்த்தார்.

"எத்தினை நிமிசம்?" என்று கேட்டார்.

"விசா வர நாலு மாசமாவது செல்லும், அப்பா."

அவர் தலையாட்டினார். அவ்வளவு நேரம் காணும் என்றார். கொஞ்ச நேரம் மதிலில் சாய்த்து வைத்திருந்த என் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"நீ படிக்கப் போன ஆறு வருசமும் உந்தச் சைக்கிளுக்கு ஞாயிறு ஞாயிறாக் காத்தடிச்சனான். இனி ஏலாது, பிள்ளை. குனிஞ்சால் இடுப்புப் பிடிக்குது."

நானும் சைக்கிளைப் பார்த்தேன். பிறகு கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தேன்.

"எவ்வளவு நாளா, அப்பா?"

உள்ளேயிருந்து அம்மா வாசலுக்கு வந்துவிட்டார். தொலைபேசி காதிலேயே இருந்தது, சித்தி இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார். "அவருக்கு அது தைப்பொங்கலுக்கு முதல்ல இருந்து..." என்று தொடங்கினார்.

அப்பா திரும்பாமலே கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். அம்மா நிறுத்தினார். நான் காத்திருந்தேன், அப்பா சொல்லத் தொடங்கினார்.